டிரெய்லரை நீட்டுவதா, தாழ்த்துவதா? – வாசகர் கேள்வி-பதில்

படகை நீரில் இறக்குவதில் உள்ள சிரமங்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவற்றில் கேட்கப்பட்டவற்றுக்கும் பாதி விடை அதிலேயே இருப்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: என்னிடம் 4.8 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு இருக்கிறது. அவுட்போர்டு எஞ்சின், எரிபொருள் எல்லாம் சேர்த்து எடை ஏறக்குறைய 600 கிலோ. நான் போகும் சாய்தளம் மிகவும் தட்டையானது. காரின் பின்சக்கரங்கள் நீருக்குள் போன பிறகுதான் படகின் பின்பக்கம் மிதக்கத் தொடங்குகிறது. டிரெய்லரின் முன்தண்டில் ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து நீட்டிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். இரும்பை வெட்டுவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள்.

படகு மிதக்கத் தேவையானது ஆழம். டிரெய்லரை நீட்டுவது அந்த ஆழத்தைத் தேடிப் போகும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். மிதக்கும்போது படகின் பின்பக்கம் எவ்வளவு நீருக்குள் அமிழ்ந்திருக்கிறது என்பதையும், டிரெய்லர் மேல் இருக்கும்போது அதே பின்பக்கத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் கூட்டினால், அந்த இடத்தில் உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது தெரிந்துவிடும். உங்கள் படகு போன்ற ஒன்றுக்கு அமிழ்வு 25 சென்டிமீட்டர், டிரெய்லர் மேல் உயரம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக 75 சென்டிமீட்டர் ஆழம் தேவை. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது 10 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் தளத்தில், அந்த ஆழம் நீர்விளிம்பிலிருந்து 7.5 மீட்டர் தள்ளித்தான் கிடைக்கும். படகின் நீளம் 4.8, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, காரின் இழுகொக்கி வரை 0.7, கொக்கியிலிருந்து காரின் பின்சக்கரம் வரை 1.2 என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 6.7 மீட்டர்தான் வருகிறது. மீதி 0.8 மீட்டருக்குக் கார் நீருக்குள் இறங்கியாக வேண்டும். நீங்கள் சொல்லும் நிலைமை இதுதான்.

இப்போது படகைத் தாங்கும் பலகைகளை 10 சென்டிமீட்டர் தாழ்த்திவிட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். தேவையான ஆழம் 65 சென்டிமீட்டராகக் குறைகிறது, தூரம் 6.5 மீட்டராகிறது, காரின் சக்கரம் நீர்விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே உலர்ந்து நிற்கிறது. உயரத்தில் 10 சென்டிமீட்டர் குறைத்தது நீளத்தில் ஒரு மீட்டர் கூட்டியதற்குச் சமமாகிவிட்டது. தளம் எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ அந்த அளவுக்கு இந்தக் கணக்கு தாழ்த்துவதன் பக்கமே சாயும். செங்குத்தான தளத்தில் தாழ்த்துவதால் கிடைக்கும் லாபம் குறைவு. ஆனால் அங்கே உங்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காது.

உங்கள் தளத்தின் சரிவை அளப்பது எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் ஒரு முனையைத் தளத்தில் ஊன்றி, மேலே ரசமட்டத்தை வைத்து, மறுமுனையைக் குமிழி நடுவில் நிற்கும்வரை தூக்கிப் பிடித்து, அந்த முனைக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். 10 சென்டிமீட்டர் என்றால் பத்துக்கு ஒன்று, 12.5 என்றால் எட்டுக்கு ஒன்று. பிறகு ஒருமுறை வழக்கம்போல் படகை இறக்குங்கள். பின்பக்கம் பலகையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில் வண்டியை நிறுத்தி, டிரெய்லரின் நிமிர்ந்த கம்பி ஒன்றில் நீர் தொடும் இடத்தைச் சாக்குக்கட்டியால் கோடிட்டுவிடுங்கள். அலை இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். இந்த ஒரு கோடு கையில் இருந்தால் பட்டறைக்காரரிடம் பேசும் பேச்சே மாறிவிடும்.

தாழ்த்தும் வேலை பெரும்பாலான டிரெய்லர்களில் ஸ்பானரோடு முடிந்துவிடும். தாங்குபலகைகள் நிற்கும் கோணத் தாங்கிகள் யூ-போல்டால் குறுக்குச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, நான்கு தாங்கிகளையும் ஒரே அளவு இறக்கி, மீண்டும் முறுக்க வேண்டும். எவ்வளவு இறக்கலாம் என்பதைப் படகின் ஏரா, அதாவது அடிநடுக்கட்டை, தீர்மானிக்கும். அது எந்தக் குறுக்குச் சட்டத்தையும் தொடக் கூடாது. சட்டத்தைவிட ஆக்சிலைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் சட்டமும் படகும் ஒன்றாக ஏறி இறங்கும்போது ஆக்சில் மட்டும் ஸ்பிரிங்கின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு குழியில் விழும்போதெல்லாம் படகை நோக்கி எழும். ஆகவே வண்டி நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பாமல், ஸ்பிரிங் முழுவதும் அமுங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

பலகையை இறக்கினால் அதோடு மூன்று இடங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். வின்ச், அதாவது படகைப் பட்டையால் இழுத்து ஏற்றும் கைச்சுழற்றி, நிற்கும் தூணையும் அணியம் வந்து முட்டும் ரப்பர் உருளையையும் அதே அளவு இறக்காவிட்டால், வின்ச் பட்டை படகின் மூக்கை மேல்நோக்கி இழுக்கும். அணிய வளையம் அந்த உருளைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பதுதான் சரியான நிலை. மட்கார்டுக்கும் படகின் பக்கவாட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டாவது. எஞ்சினின் அடித்துடுப்பு, அதாவது விசிறிக்குக் கீழே நீளும் தகடு, மூன்றாவது. எஞ்சினை முழுவதும் மேலே சாய்த்த பிறகும் அதன் நுனி, தெருவிலிருந்து சாய்தளத்துக்குத் திரும்பும் முறிவில் கரகரவென்று உரசும் ஓசையைக் கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

பலகையில் இடம் இல்லை என்றால், பட்டை ஸ்பிரிங் உள்ள டிரெய்லர்களில் இன்னொரு வழி உண்டு. சிலவற்றில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதை மாற்றி ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுவந்தால், ஆக்சிலின் கனமும் ஸ்பிரிங் அடுக்கின் கனமும் சேர்ந்த அளவுக்குச் சட்டம் முழுவதும் இறங்கிவிடும். 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இதில் கிடைக்கும். ஸ்பிரிங் இருக்கையை ஆக்சிலில் புதிதாக வெல்டிங் செய்ய நேர்ந்தால் அது அனுபவமுள்ள கையால் நடக்க வேண்டும். டயர் மட்கார்டிலும், ஆக்சில் சட்டத்திலும் முட்டாத இடம் மிஞ்சுகிறதா என்பதை முன்னதாகவே அளந்துவிட வேண்டும். சின்னச் சக்கரம் போட்டுத் தாழ்த்துவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. சின்னச் சக்கரம் அதே வேகத்துக்கு அதிகமாகச் சுழலும், பேரிங் சூடாகும், டயரின் பாரத் தகுதியும் பெரும்பாலும் குறையும்.

இனி நீட்டுவதைப் பார்ப்போம். படகு 600, டிரெய்லர் 300, ஆக 900 கிலோ. கொக்கியில் விழும் முன்பாரம் அதில் 7 விழுக்காடு, அதாவது 63 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை 4 மீட்டர் என்றால், தண்டை ஒரு மீட்டர் நீட்டியதும் நெம்புகோல் விதிப்படி முன்பாரம் ஏறக்குறைய 50 கிலோவாகக் குறையும். ‘பாரம் குறைகிறதே, நல்லதுதானே’ என்று தோன்றும். இல்லை. இரு பக்கச் சட்டங்களும் வந்து சேரும் இடத்திலிருந்து கொக்கி வரை தண்டு முன்பு 1 மீட்டர் நீண்டிருந்தது, இப்போது 2 மீட்டர். 63 கிலோவை 1 மீட்டர் தொலைவில் தாங்கிய அதே குழாய், 50 கிலோவை 2 மீட்டர் தொலைவில் தாங்குகிறது. குழாயை வளைக்கும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது. வண்டி நிற்கும்போதே இப்படி என்றால், மேடுபள்ளத்தில் குதிக்கும்போது அது பல மடங்காகும். குழாய் அன்றே முறியாது. ஒட்டிய இடத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் விட்டு, பெயின்டுக்கு அடியில் துருவாக வளர்ந்து, நீங்கள் எதிர்பார்க்காத ஒரு நாளில் முறியும்.

கால்வனைஸ் செய்த இரும்பாக இருந்தால் இன்னொரு கேடும் சேரும். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு ஆவியாகிப் போய்விடும், அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெளிப்புறத்தில் துத்தநாகப் பெயின்ட் அடித்துச் சமாளித்தாலும், சதுரக் குழாயின் உட்புறத்தில் பூச்சு எரிந்த இடத்துக்கு யாரும் தூரிகையைக் கொண்டுபோக முடியாது. நீர் போய் நிற்கும் இடமும் அதுதான்.

ஆகவே நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சாய்தளத்தில் மட்டும் இழுத்துக்கொண்டு, சாலைக்கு வரும்போது உள்ளே தள்ளிவிடும் உள்குழாய் அமைப்பைக் கேளுங்கள். வெளிக்குழாய்க்குள் சற்றும் ஆடாமல் நுழையும் கனமான உள்குழாய், நீட்டிய நிலையிலும் உள்ளே நீளமாக மிஞ்சும் ஒரு பகுதி, அதைப் பிடிக்க ஒன்றுக்கு இரண்டு ஊசிகள் என்று இருக்க வேண்டும். ஊசிக்கான துளைகளைக் குழாயின் மேல்கீழ் முகங்களில் போடவிடாதீர்கள். வளைவு விசை முழுவதும் அந்த முகங்களில்தான் ஓடுகிறது. பக்கவாட்டு முகங்களின் நடு உயரத்தில் துளையிட்டால் பலம் குறைவது மிகவும் சொற்பம். பாதுகாப்புச் சங்கிலியும் விளக்கு வயரும் நீட்டிய தூரத்துக்குப் போதுமா என்று பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் அதன் கேபிளோ குழாயோ இந்த விளையாட்டுக்கு இடம் கொடுக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தகைய மாற்றங்களுக்கு அனுமதியோ மறு ஆய்வோ தேவைப்படும் இடங்கள் உண்டு என்பதால், வேலையைத் தொடங்கும் முன் வாகனப் பதிவு அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

நீட்டும்போது டிரெய்லரின் சக்கரங்கள் தளத்தில் இன்னும் கீழே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். சாய்தளத்தின் கான்கிரீட் நீருக்கடியில் ஓர் இடத்தில் முடிந்துவிடும். எஞ்சினை முடுக்கியே படகை டிரெய்லரில் ஏற்றும் வழக்கம் உள்ள இடங்களில், விசிறி தள்ளும் நீர் அந்த விளிம்புக்கு அப்பால் உள்ள மண்ணை அரித்துப் பள்ளமாக்கியிருக்கும். அதில் சக்கரம் இறங்கிவிட்டால் ஆக்சில் கான்கிரீட் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஒரு நீண்ட கழியால் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நீட்டலாம் என்று முடிவு செய்யுங்கள்.

படகை டிரெய்லரின் மேல் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டால் சீக்கிரம் மிதக்குமே என்று சிலர் யோசனை சொல்லலாம். உண்மைதான், சீக்கிரம் மிதக்கும். ஆனால் மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் எழும்புவது போல, டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் முன்தண்டு லேசாகி, வேகம் எடுத்ததும் பின்னால் வரும் வண்டி இடமும் வலமுமாக வாலை ஆட்டத் தொடங்கும். முன்பாரம் மொத்த எடையில் 5 விழுக்காட்டுக்குக் கீழே போகும் எந்த மாற்றத்தையும் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: எனது அலுமினியப் படகு கார்பெட் சுற்றிய பலகைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இறக்கும்போது தள்ளினாலும் நகர்வதில்லை. பலகைகளைக் கழற்றிவிட்டு ரோலர் பொருத்தலாமா?

பதில்: நனைந்த கார்பெட்டின் பிடிப்பு உங்களை எவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். 600 கிலோ படகை எட்டுக்கு ஒன்று சரிவில் வின்ச் மூலம் மேலே இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவுக்காக மட்டும் 75 கிலோ இழுவிசை தேவை. உராய்வுக்குத் தோராயமாகக் கார்பெட்டில் எடையின் 30 விழுக்காடு, பாலிஎத்திலீன் வழுக்குப் பட்டையில் 15, நல்ல ரோலரில் 5 என்று கொண்டால், மொத்த இழுவிசை முறையே 255, 165, 105 கிலோ. ரோலரின் பெருமை இதில் தெரிகிறது.

இருந்தாலும் உங்களுக்கு நான் ரோலரைப் பரிந்துரைக்கமாட்டேன். பலகை படகின் எடையை நீளவாக்கில் பரப்பிக்கொடுக்கிறது. ரோலரோ, ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு இடத்தில் பாரத்தைக் குவிக்கிறது. கனமான ஃபைபர் அடிப்பாகமோ பலமான ஏராவோ அதைத் தாங்கும். மெல்லிய அலுமினியத் தகடு, ரோலர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாவிட்டால், சாலை அதிர்ச்சியில் ஒவ்வொரு ரோலருக்கு மேலும் ஒரு சொட்டையைப் பதிவு செய்துகொள்ளும். பலகையை வைத்துக்கொண்டு, கார்பெட்டுக்குப் பதிலாக வழுக்குப் பட்டைகளை அறைந்துவிடுவதே உங்களுக்குப் பொருத்தம். திருகுகளின் தலை பட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். விரலால் தடவும்போது திருகு தட்டுப்பட்டால் படகின் அடியிலும் தட்டுப்படும்.

இந்த வேலையைச் செய்யும்போது பலகைகளையும் சோதித்துவிடுங்கள். அவற்றின் பின்முனை படகின் பின்பலகை வரை போக வேண்டும். எஞ்சினின் முழு எடையும் அங்கேதான் தொங்குகிறது. ஒரு முழம் முன்னதாகவே பலகை முடிந்துவிட்டால், காலப்போக்கில் அடிப்பாகம் அந்த இடத்தில் வளைந்து, படகு நீரில் ஓடும் விதமே கெட்டுப்போகும். புதுப் பலகை வாங்குவதாக இருந்தால், செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தை அலுமினியத்தோடு சேர்க்காதீர்கள். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும்.

வழுக்குப் பட்டை போட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புதுப் பட்டைகளைப் பொருத்திய முதல் நாள், பழைய வழக்கப்படி தளத்தின் உச்சியிலேயே வின்ச் கொக்கியைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறிப் பின்னால் நகர்ந்தேன். நீருக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, படகு நிற்கவில்லை. அது அவசரமே இல்லாமல், ஓர் ஓலைப்பாய் விரிவது போலச் சரிந்து கான்கிரீட்டில் உட்கார்ந்தது. பின்பலகையின் ஒரு மூலை உடைந்துபோனது. எட்டுக்கு ஒன்று சரிவில் எடையின் 12.5 விழுக்காடு கீழ்நோக்கி இழுக்கிறது, பட்டையின் பிடிப்போ 15 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பிரேக்கின் ஒரு சிறு அதட்டல் போதும். ரோலரில் அந்த அதட்டல்கூடத் தேவையில்லை. பின்பக்கக் கட்டுகளை மேலே கழற்றலாம். வின்ச் பட்டையும் பாதுகாப்புச் சங்கிலியும் படகின் பின்பக்கம் நீரைத் தொடும்வரை மாட்டியே இருக்க வேண்டும்.

கேள்வி: பெரும்பாலும் நான் தனியாகத்தான் போகிறேன். டிரெய்லர் நீருக்குள் போனதும் அது எங்கே இருக்கிறது என்பதே தெரிவதில்லை. திரும்ப ஏற்றும்போது படகு கோணலாக உட்கார்ந்துகொள்கிறது. என்ன மாற்றம் செய்யலாம்?

பதில்: டிரெய்லரின் பின்கோடியில் இரு பக்கமும் வழிகாட்டிக் கம்பங்களை நிறுத்துங்கள். செங்கோணமாக வளைத்த கால்வனைஸ் குழாயைச் சட்டத்தில் யூ-போல்டால் பிடித்து, நிமிர்ந்த பகுதிக்கு மேல் வெள்ளை பிவிசி குழாயைச் செருகிவிட்டால் போதும். படகு உரசினால் குழாய் சுழன்று கொடுக்கும், பெயின்ட் போகாது. காரின் கண்ணாடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிவதால், வெறும் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டும்போதும் அது எந்தப் பக்கம் திரும்பத் தொடங்குகிறது என்பது உடனே புலப்படும். படகின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விடுங்கள். குளத்து நீருக்கு இந்தக் கம்பங்கள் போதும். குறுக்கே ஓட்டமும் காற்றும் உள்ள இடத்தில் கம்பம் வளைந்துவிடும். அங்கே கம்பத்துக்குப் பதிலாக, படகின் பக்கவாட்டை ஒட்டி நீளவாக்கில் ஓடும் பக்கப் பலகைகள்தான் நிற்கும்.

கோணலாக உட்காருவதற்குக் காரணம் பெரும்பாலும் டிரெய்லரை மிக ஆழத்துக்கு விட்டுவிடுவதுதான். ஆழமான நீரில் படகு பலகைகளுக்கு மேலே தன் விருப்பத்துக்கு மிதந்துகொண்டிருக்கும். வண்டியை இழுக்கும்போது எங்கே இறங்கத் தோன்றுகிறதோ அங்கே இறங்கும். பலகைகளின் முன்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு நீருக்கு மேலே தெரியும்படி நிறுத்தினால், அணியம் அந்த உலர்ந்த பகுதியில் ஏறி நடுவைப் பிடித்துக்கொள்ளும். சரியான ஆழத்தைக் கண்ட நாளில் வழிகாட்டிக் கம்பத்தில் நீர்மட்டத்தில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றிவிடுங்கள். அடுத்த முறை ஊகிக்க வேண்டியதில்லை.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு வசதி: முன்தண்டின் மேல் ஒரு சாண் அகலத்தில் சொரசொரப்பான நடைபலகை. வின்ச் வரை கால் நனையாமல் நடந்து போகலாம், முக்கியமாக வழுக்கி விழாமல் போகலாம். படகின் அணியத்தில் அதன் நீளத்தைவிட நீண்ட கயிற்றைக் கட்டி, மறுமுனையை வின்ச் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால், படகு மிதந்து விலகும்போது ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் செய்துவிட்டு அடித்தக்கையை, அதாவது படகின் வடிகால் அடைப்பை, மாட்ட மறந்தவர்கள் என் நண்பர்களிலேயே மூவர் இருக்கிறார்கள். நடைபலகை போடும்போது அதன் ஓரத்தில் அந்தத் தக்கையைத் தொங்கவிட ஒரு கொக்கியும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பருவத்திலும் சக்கர பேரிங் போய்விடுகிறது. நீர்புகாத சீல் போட்டும் பயனில்லை. டிரெய்லரில் ஏதாவது குறையா?

பதில்: குறை நேரத்தில் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரக் குடம் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே உள்ள நீரைச் சீலின் இடுக்கு வழியாக உறிஞ்சிக்கொள்ளும். சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த உறிஞ்சலை நெடுநாள் தாங்காது. வந்தவுடன் இறக்காமல், குடத்தின் மேல் கையை வைத்தால் வெதுவெதுப்புக்கூடத் தெரியாத நிலை வரும்வரை காத்திருங்கள். இருபது நிமிடம் போதும், கட்டுகளை அவிழ்க்கவும் சாமான்களை ஏற்றவும் எப்படியும் அந்த நேரம் ஆகும். குடத்தின் வாயில் சாதாரண மூடியை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடியைப் போடுங்கள். அந்த ஸ்பிரிங் கிரீஸை எப்போதும் லேசாக உள்ளே அழுத்திக்கொண்டிருப்பதால், உள்ளே காற்று சுருங்கினாலும் நீருக்கு வழி கிடைக்காது. கிரீஸ் துப்பாக்கியை அளவோடு பயன்படுத்துங்கள். மூடி நிறைந்த பிறகும் அழுத்தினால் பின்சீல் பிதுங்கிக் கிரீஸ் பிரேக்கில் வழியும்.

உப்புநீரில் இறக்குகிறவர் என்றால், வீட்டுக்கு வந்ததும் நல்ல நீரால் ஸ்பிரிங் அடுக்கையும் பிரேக்கையும் குழாயின் உட்புறத்தையும் அலசியாக வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன தாழ்த்தும் மாற்றம் இந்த வாசகருக்கும் உதவும். சட்டம் தாழ்ந்தால் சக்கரம் அவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: பின்விளக்கு பல்புகள் அடிக்கடி உடைகின்றன. ஏன்?

பதில்: பேரிங்குக்குச் சொன்ன காரணமேதான்: சூடான கண்ணாடி, குளிர்ந்த நீர். வண்டியைப் பின்னோக்கி விடும் முன் விளக்கு வயரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அல்லது நீருக்குள் மூழ்கத்தக்க எல்இடி விளக்காக மாற்றிவிடுங்கள். வழிகாட்டிக் கம்பம் நிறுத்துகிறவர்கள் விளக்கை அதன் உச்சியிலேயே பொருத்திக்கொள்ளலாம், அது நீரையே பார்க்காது.

கேள்வி: என் சிறு படகை மணற்கரையிலிருந்து தள்ளுவண்டியில் வைத்து இறக்குகிறேன். வண்டியோடு சேர்த்து 120 கிலோ. சக்கரம் மணலில் புதைந்து, இருவர் சேர்ந்தாலும் நகர்வதில்லை. பெரிய சக்கரம் போட்டால் போதுமா?

பதில்: பெரிய சக்கரத்தைவிட மென்மையான சக்கரம் வேண்டும். காற்றடைத்த டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். சக்கரம் ஒன்றுக்கு 60 கிலோ பாரம். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் இருந்தால் அது 30 சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது இரண்டு தீப்பெட்டி அளவுகூட இல்லாத இடத்தில், நிற்கிறது. மணல் அதைத் தாங்காது. அழுத்தத்தை 0.3 கிலோவாக்கினால் 200 சதுர சென்டிமீட்டராகப் பரந்து, மணலின் மேலேயே உருளும். சாதாரண டயரில் இவ்வளவு காற்றை இறக்கினால் அது மடிந்து விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். இதற்கென்றே பலூன் போன்ற அகலமான மெல்லிய சக்கரங்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும் முன், வெறும் வண்டியை இரண்டு நீண்ட பலகைகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். இருபது அடி தூரம்தான் மணல் என்றால், பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கடப்பதே மலிவான வழி.

ஆக்சில் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கைப்பிடியைத் தூக்கும்போது பத்துக் கிலோவுக்கு மேல் கனத்தால், உங்கள் பலத்தில் பாதி தூக்குவதிலேயே போய்விடுகிறது. கைப்பிடிக்கும் ஆக்சிலுக்கும் 2.5 மீட்டர் இருந்தால், ஆக்சிலை 10 சென்டிமீட்டர் கைப்பிடிப் பக்கமாக நகர்த்தும்போது கையில் ஏறக்குறைய 5 கிலோ குறையும். யூ-போல்டைத் தளர்த்தி இரண்டு மூன்று முறை முயன்றால் சரியான இடம் கிடைத்துவிடும்.

பலூன் சக்கரத்தில் ஒரு வேடிக்கையான தொல்லை உண்டு. 40 சென்டிமீட்டர் விட்டமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சக்கரம் ஒன்று, நடுக்குடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 20 லிட்டர் இடத்தை அடைக்கும். இரண்டும் சேர்ந்து 40 கிலோவை மிதக்கவைக்கும். தள்ளுவண்டியின் எடை 25 கிலோ என்றால், படகு மிதந்த பிறகு வண்டியும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே மிதக்கும். கைப்பிடியை நீருக்குள் அழுத்தித் தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் உருவினால்தான் அது வெளியே வரும். கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டிக் கரையில் முளையடித்து வைத்துவிட்டே நீருக்குள் இறங்குங்கள். இல்லாவிட்டால் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு வண்டியைத் துரத்திக்கொண்டு துடுப்புப் போட நேரும்.